தலையணைக்கடியில் இருந்த இடுக்கி

என் அத்தான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எதையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார். நன்றாக ஓடுகிற கடிகாரத்தின் முதுகைக்கூட ஒருமுறை கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கல்யாணமான நாளிலிருந்து அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் படியில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்ட பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அக்காவின் காலுக்குத்தான் அது எட்டவில்லை. தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அத்தான் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்துவார். "ஒரு அடி வை. ஒரே ஒரு அடி" என்று பாதத்தையே உற்றுப் பார்ப்பார். அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கும். பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த எனக்கு, இனி நடக்கவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது.

"இந்தச் சுவத்தையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. எதிர்ல ஒரு புல்தரை இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள் ஒருநாள், மாத்திரை மயக்கத்தில்.

மறுநாளே அத்தான் ஒரு கண்ணாடி மீன்தொட்டியோடு வந்து நின்றார். கட்டிலுக்கு எதிரே மேசையில் வைத்து மண்ணைப் பரப்பினார். கீரைவிதை அளவே இலையுள்ள ஒரு நீர்ச்செடியை, கடிகாரச் சக்கரம் எடுக்கும் இடுக்கியால் கொத்துக் கொத்தாகப் பிடித்து நட்டார். அதற்கே மூன்று நாள் ஆயிற்று. வண்ணமீன் கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார்: மண் ஈரமாக இருக்க வேண்டும், மேலே பாலித்தீன் போட்டு மூட வேண்டும், ஆறு வாரம் தண்ணீரும் ஊற்றக்கூடாது, கையும் வைக்கக்கூடாது. வேர் பிடித்துச் செடி படர்ந்த பிறகுதான் தண்ணீர்.

அந்த வாரங்கள் அரைத்தூக்கத்தில் கழிந்தவை போல இருக்கின்றன. பாலித்தீனில் ஆவி படியும், துளி சொட்டும். விளக்கு போட்டால் அறையே இளம்பச்சையாகிவிடும். அக்கா கண்ணைச் செருகிக்கொண்டு அதற்குள் போய் வருவாள்.

"உள்ள நடந்துக்கிட்டிருந்தேன்டி. தரை ஜில்லுன்னு இருந்துச்சு. கால்ல செருப்புகூட இல்ல."

"வெளியவும் கொஞ்சம் நடயேன்" என்பேன். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆறு வாரம் முடிந்து அத்தான் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். நான்கு விரற்கடை ஏறியதும் ஒரு கொத்து மிதந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பாதிப் புல்தரை கிளம்பி மேலே வந்துவிட்டது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் அத்தான்.

"அத்தான், உண்மையச் சொல்லுங்க. கை வச்சீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேர் விட்டிருக்கான்னு தெரிய வேண்டாமா? தினமும் காலைல நீங்கல்லாம் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, பத்துக் கொத்தை மட்டும் எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப நட்டுடுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீரை அவர் தலையில் கொட்டியிருப்பேன். அதற்குள் அக்கா சிரித்துவிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள்.

"என்னையும் தினமும் அப்படித்தாங்க பிடுங்கிப் பிடுங்கிப் பாக்குறீங்க."

அத்தான் மிதந்த கொத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் வைத்தார்.

"மறுபடி நடுங்க. நட்டு முடிச்சுட்டு இடுக்கிய என்கிட்ட குடுத்துடுங்க."

தண்ணீரை வடித்துவிட்டு அத்தான் மறுபடி நட்டு முடித்ததும் இடுக்கி அவள் தலையணைக்கடிக்குப் போனது. அன்று முதல் அத்தான் வந்ததும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். அக்காவின் காலைப் பற்றி மூச்சே விடவில்லை. பாவம், அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! பகலில் அவர் கடையில் இருக்கும்போது அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்து ஒரு அடி வைப்பாள். நான் வேண்டுமென்றே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மேலும் ஆறு வாரம் கழித்து இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றியபோது ஒரு இலைகூடப் பெயரவில்லை. மறுநாள் சாயங்காலம் இலை நுனிகளில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் நின்றன. அத்தான் கட்டிலுக்கு முதுகு காட்டி அதிலேயே லயித்திருந்தார். அக்கா எழுந்தாள். சுவர், அலமாரி, பிறகு பிடிக்க எதுவுமே இல்லாத மூன்று அடி. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் கை அவர் தோளில் விழுந்தது.

தொட்டிக் கண்ணாடியில் அவளை அவர் பார்த்துவிட்டார். பச்சைத் தரை மேல் நிற்பதுபோல் தெரிந்தாள். அவர் கை தொடைக்கடியிலேயே இருந்தது.

"திரும்பலாமா?" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்" என்றாள் அக்கா, மற்றக் கையிலிருந்த இடுக்கியை அவர் மடியில் போட்டபடி.