மின்னலக்காவின் பெடல்

மின்னலக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. கண் மூடித் திறப்பதற்குள் சட்டையைத் தைத்து நீட்டுவாள் என்று தெருவே சேர்ந்து வைத்த பேர் இது. சும்மா சொல்லக்கூடாது, அந்த வேகம்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. காசநோய் வந்தபோதுகூட, தொற்று அடங்கியதும் மாத்திரையும் கையுமாக வீட்டு முன்னறைத் தையல் கடையைத் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் பெடல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டி ஊசி ஓடி, ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்தே தைத்துவிட்டது. போன மாதம் மெஷினைப் பழுது பார்த்த மெக்கானிக்கை வரவழைத்துக் காய்ச்சி எடுத்தாள்.

"என்னத்தய்யா கழட்டி மாட்டின? பெடல் இருக்கிறதே தெரியல!"

அவர் பெல்ட்டை மாற்றினார், எண்ணெய் விட்டார், தானே மிதித்தும் பார்த்தார். "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லக்கா. உங்க காலைப் பாருங்க."

அப்போதுதான் உறைத்தது. பாதம் இரண்டும் மரத்துக் கிடந்தன. மாத்திரை தொடங்கிய பிறகுதான் இப்படி, அதன் வேலைதான் என்று தோன்றியது. மாத்திரையை விட்டால் நோய் திரும்பும். விடாவிட்டால் கால் போகும், பிழைப்பும் போகும்.

கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரல் இந்த மருந்துமேல ஒரு சின்னத் துணுக்கை ஒட்டி, அதோட வீரியத்தை அடக்கி, சிறுநீர்ல வெளியேத்தணும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டுற வேலை மெதுவா நடக்கும். உங்களுக்கும் அப்படித்தான் போல. மருந்து தேங்கி, நரம்புக்கு வேண்டிய வைட்டமினைப் பறிச்சிடுது. அதுக்குத்தானே கூடவே சத்து மாத்திரை கொடுத்தோம்? சாப்பிடறீங்கல்ல?"

மின்னலக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் தொண்டையைச் செருமினார்.

"அதை நான்தான் சாப்பிடறேன் டாக்டர். எலும்பும் தோலுமா இருக்கேன்னு தினமும் என் வாயில போட்டுடுவா."

டாக்டரம்மா தலையில் கைவைத்துச் சிரித்தார். சத்து மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி, "இது உங்களுக்கு மட்டும்! காசநோய் மாத்திரையையும் ஒரு வேளைகூட விடக்கூடாது," என்று அதட்டி அனுப்பினார்.

"பேரு மின்னல், ஈரல் ஆமை," என்றார் கணவர், வழியில்.

"என் காலுக்கு வந்த மாத்திரையை முழுங்கின ஆளு, பேசாம வாங்க!"

மாத்திரைக் காலம் முடிந்தது. கிருமி இல்லை என்று முடிவும் வந்தது. கால் மட்டும் அரைகுறையாகவே இருந்தது. அவளோ விடாமல் தினமும் காலையில் வெறுங்காலோடு மெஷினில் உட்கார்ந்து பார்ப்பாள்.

ஒரு நாள் வீடே அதிர ஒரு அலறல். ஊசி விரலில் ஏறிவிட்டதோ என்று கணவர் சோப்புக் கையோடு ஓடி வந்தார்.

"சில்லுன்னு இருக்குங்க! பெடல் சில்லுன்னு இருக்கு!"

அழுகையும் சிரிப்புமாக ஒரு துணியை இழுத்துப் போட்டு மிதித்தாள். மெஷின் தடதடவென்று பறந்தது. சாக்பீஸ் கோடு வந்ததும் காலை அழுத்திப் பெடலை நிறுத்தினாள். ஊசி கோட்டின் மேலேயே கச்சிதமாக நின்றது.

"முதல்ல அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வீணா திட்டு வாங்கினாரு பாவம், சட்டைக்கு அளவெடுக்கணும்."