கேமராவுக்குத் தெரியாத வயிற்றுப்போக்கு

பூ விற்பவருக்கு ஒரு வாசனை, மீன் விற்பவருக்கு ஒரு வாசனை. எங்கள் தொழிலின் வாசனையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மருத்துவமனையில், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் அறையில் நான் நர்ஸாக இருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் கதவைத் தட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கையோடு குற்றவாளி

கம்பெனி ஆட்கள் வயிற்றுப்போக்கோடு வந்தால் துப்பறிய ஒன்றுமே இருக்காது. காய்ச்சல், வாந்தி, முறுக்கல் எல்லாம் ஒன்றாக வந்திருக்கும். காரணம் எந்தக் கடை என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு வெல்டர், டிரிப்ஸ் ஏறும்போதே இனி பரோட்டாவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அடுத்த வாரம் அதே கடையில் கையும் பரோட்டாவுமாகப் பிடித்தேன்.

"வெறும் பரோட்டாதான் சிஸ்டர், சால்னா ஊத்திக்கல!"

சத்தமில்லாமல் வந்தது

அம்சவேணி அம்மா வேறு ரகம். அறுபதைத் தாண்டியவர், பொன்னேரிப் பக்கம் சொந்த வயல். மாதக்கணக்காகத் தண்ணீர் தண்ணீராகப் போகிறது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, பழி போட ஒரு கடையும் இல்லை. தூக்கத்திலும் எழுப்பிவிடும். ஆள் துரும்பாக இளைத்திருந்தார். ரத்தம், மலம் எதைப் பரிசோதித்தாலும் நார்மல் என்றே வந்ததால், எல்லாம் மனக்கவலை என்று வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள்.

பிரசவத்துக்கு மகளை அழைத்துவரக்கூட அவரால் முடியவில்லை. செவ்வாப்பேட்டையில் பிறந்த பேரனை இன்னும் பார்க்கவில்லை. ரயிலில் போய்விட்டு வரலாமே என்றேன். அவர் அழுதுவிட்டார்.

"கரண்டு ரயில்ல கக்கூஸு ஏதும்மா? நடுவுல வந்துட்டா நான் எங்க போவேன்?"

பளிச்சென்ற குடல்

கேமராவில் குடல் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பாவம், இதுவும் நார்மல்தானா என்று எனக்கே சோர்வு. டாக்டரோ பரிசோதனைக்கு அனுப்ப அங்கங்கே துளித்துளியாகச் சதை எடுத்துக்கொண்டே இருந்தார். இந்த வயதில் ரத்தமில்லாமல் தண்ணீராகப் போனால் கண்ணை நம்பக்கூடாது என்றார்.

அவர் நினைத்தது சரி. மைக்ராஸ்கோபில் மட்டுமே தெரியும் குடல் அழற்சி, மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ். டாக்டர் சொன்னதும் அம்சவேணி அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். வியாதி இருக்கிறது என்று கேட்டு மகிழ்ந்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப நெஜமாவே வியாதிதானா? எங்க ஊட்டுக்காரரு வெளியதான் குந்திக்கினு இருக்காரு, அவரு காதுல உழுற மாதிரி இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்!"

கணக்கில் வராத மாத்திரை

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றே சொல்லிவந்தார். அன்று பையைத் திறந்தால் மூட்டுவலி மாத்திரையும், கூடவே மருந்துக்கடையில் கொடுக்கும் கேஸ் மாத்திரையும். சிலருக்கு இவையே இந்த வியாதியைக் கிளப்பிவிடும் என்று டாக்டர் இரண்டையும் நிறுத்தி, வேறு மருந்து எழுதினார்.

"இதெல்லாம் ஒரு மாத்திரையா? காப்பி மாதிரி தெனம் போட்டுக்கினு இருக்கேன்!"

பேசின் பிரிட்ஜ் தாண்டி

சில வாரங்கள் கழித்து, கன்னத்தில் கொஞ்சம் சதையோடு வந்தார். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, செவ்வாப்பேட்டை போய் வந்துவிட்டாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தினி தூரம் ஒண்ணும் ஆவாம போய்ச் சேந்தேம்மா. மடியில வாங்கினேன் பாரு, பேரன்தான் பொடவை பூரா போயிட்டான்!"

இப்போது எனக்கு நகரத்தில் ஏசி அறை, கம்ப்யூட்டர், எந்த வாசனையும் இல்லாத வேலை. ஆனாலும் என் மனசு என்னவோ அந்தக் கும்மிடிப்பூண்டி நாற்றத்துக்குத்தான் ஏங்குகிறது.