கோதுமை படாத பிஸ்கட்

குசினிக்குள் நாலு பேர். என் மனைவி, கதிரையில் சாய்ந்தபடி. அவவின் உம்மா, என் மாமி, உரலடியில். மனைவியின் தங்கச்சி, சம்மாந்துறையில் இருந்து பச்சையரிசி கொண்டு வந்தவ. பிறகு நான்.

நான் கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பராட்டா போடுகிறவன். இருபது வருசம். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கோதுமை மா. மனைவிக்கு ஆகாததும் அதுதான். ஆஸ்பத்திரியில் குடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். பாண் கூடாது, பராட்டா கூடாது, கடை பிஸ்கட் கூடாது. ஒரு துகள் பட்டாலும் கூடாது. அதற்கு முதல் ஒரு வருசம், தின்றது ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. கைக் காப்பு முழங்கை வரை ஏறும். அப்படி மெலிந்துவிட்டா.

"நான் கலியாணம் முடிச்சதே கோதம்ப மாவைத்தான். அதுவே எனக்கு ஆகாதாம்" என்று சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோறும் இடியப்பமும் தின்னலாம். அவ கேட்டது ஒன்றுதான். பின்னேரம் பிளேன்டீயோடு கடிக்க மொறுமொறு என்று ஒரு உப்பு பிஸ்கட்.

அரிசியை மில்லுக்கு அனுப்பவில்லை. எங்களுக்கு முதல் அந்த மெஷினில் யார் என்ன அரைத்தார்களோ. மாமி உரலில் இடித்து அரித்துத் தந்தா.

குழைத்தேன். அரிசி மாவில் இழுவை இல்லை. தட்டினால் வெடிக்கிறது. தூக்கினால் உடைகிறது.

"என்ன மச்சான், கடையில பராட்டாவ வானத்துக்கு வீசுற ஆள், ஒரு பிஸ்கட்டத் தூக்க ஏலாதா?" என்றா தங்கச்சி.

"நீ தணலைப் பாரு."

கொஞ்ச மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, அதை மிச்ச மாவோடு சேர்த்துக் குழைத்தேன். உப்பு, எள்ளு, தேங்காய்ப்பால். இப்போது பிடித்தது. மெல்லிசாகத் தேய்த்து, கத்தியால் சதுரமாகக் கீறி, சட்டியில் அடுக்கினேன். மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். முதல் சட்டி நன்றாக வந்தது. மனைவி ஒன்றைக் கடித்தா. சத்தம் கேட்டது.

அடுத்த உருண்டை பலகையில் ஒட்டியது. தேய்த்துக்கொண்டே போனேன்.

"மருமகன்" என்றா மாமி. "அந்த டின்னுக்குள்ள கையப் போட்டீங்களா?"

என் கை வெள்ளையாக இருந்தது. மாமி தனக்கு ரொட்டி சுட வைத்திருந்த கோதுமை மா டின், சுவரோரம் திறந்து கிடந்தது. பலகை ஒட்டினால் மா தூவுகிற கை இது. என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

மனைவியின் வாயில் அடுத்த பிஸ்கட். துப்பினா. அது முதல் சட்டிப் பிஸ்கட்தான். ஆனால் தட்டு பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தூவினது அதில் விழுந்ததா, இல்லையா, யாருக்கும் தெரியாது.

கோதுமை பட்டால் ரெண்டு மூன்று மணித்தியாலத்தில் அவவுக்கு வயிறு இழுக்கும். போய்ப் படுத்தா. நான் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு அறை வாசலில் இருந்தேன். பின்னேரம் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்ன நேரம் அவ எழும்பி வந்தா.

"வயிறு?"

"பசிக்குது."

மாமி மூன்று தரம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னா. நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். கனநேரம் கழுவினேன்.

மாமி அந்த டின்னை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தா. "இனி எனக்கும் அரிசி மா ரொட்டி போதும்" என்றா. புதுப் பலகை வாங்கினேன். வேலை முடிந்து கடையிலேயே குளித்து, உடுத்த சாரத்தையும் மாற்றித்தான் வீட்டுக்கு வருகிறேன். "புது மாப்பிள்ளை போறார்" என்று முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் பிஸ்கட் சுடுகிறேன். இப்போது உடைவதில்லை. உருண்டை ஒட்டினால் போதும், மனைவி கதிரையில் இருந்தே "கை! கை!" என்பா.

எட்டு மாசம் கழித்து கிளினிக்குக்குப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினா. போன தரம் முப்பத்தெட்டு. தாதி முள்ளைப் பார்த்தா, பிறகு மனைவியைப் பார்த்தா, கொப்பியில் எழுதினா.

நாற்பத்து மூன்று கிலோ.