புட்ஸ்கிரே இறங்குதுறையில் கட்டியிருந்த கயிறு

என் அண்ணன் பொய் சொல்கிறார். போன மாதம் எங்கள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து மூடநம்பிக்கை பற்றிப் பேசியவர், "என்ரை தங்கச்சியே துக்கத்திலை இல்லாததைக் கண்டவள்" என்று என்னையே உதாரணம் காட்டினார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு ஆற்றங்கரையில் நான் மட்டும் நிற்கவில்லை. அவரும் நின்றார்.

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். டண்டினொங்கில் பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவள், இருட்டுக்குப் பயந்தால் அடுப்பு எரியாது. நீங்கள் நம்பாவிட்டால் விடுங்கள், நடந்தது நடந்ததுதான்.

என் கணவர் யாழ்ப்பாணக் கடலேரியில் வள்ளம் ஓட்டி ஆட்களை அக்கரை சேர்த்தவர். தொண்ணூறுகளில் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, உடலும் இல்லை. அண்ணன்தான் என்னை மெல்பேர்னுக்கு எடுத்தார், அந்த நன்றி இன்றைக்கும் உண்டு. ஆனால் வருடங்கள் போகப் போக, தர்ப்பையில் உருவம் செய்து எரித்து அந்தியேட்டிக் கிரியையை முடி என்று ஒற்றைக்காலில் நின்றார். செய்தால் என் கணவர் செத்தவர் என்றாகும். செய்யாவிட்டால் நான் பொட்டோடு திரிகிற பைத்தியம். கடைசியில் களைத்துப்போய் ஓம் என்றேன்.

சாம்பலைக் கரைக்கக் கடலுக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்றார் ஐயர். அதனால் இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில், பின்னேரம், அண்ணனும் நானும் புட்ஸ்கிரேப் பக்கம் மரிபினோங் ஆற்றங்கரைக்கு இடம் பார்க்கப் போனோம். மரங்கள் மஞ்சளாய்க் கொட்டிக்கொண்டிருந்தன. பழைய இறங்குதுறைகளில் பலகைகள் உளுத்து, படகு கட்டும் இரும்புக் குற்றிகள் துருவேறி நின்றன. நல்ல படிகள் இருந்த ஒரு துறையைப் பிடித்துப்போய், அண்ணன் ஒரு இலையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது கடல் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் மிதந்தது.

"என்னடி இது, ஆறு பின்னுக்கு ஓடுது?"

"கடல் ஏறுது அண்ணை. இறங்கேக்கை திரும்பும்."

"இந்த நாட்டிலை ஆத்துக்கும் ஒழுங்கில்லை. நிப்பம், திரும்பட்டும்."

திரும்பும்வரை அப்படியே கரையோரம் நடந்தோம். வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த துறையில் ஒரு குற்றியில் கயிறு கட்டியிருந்தது, மற்ற நுனி தண்ணீருக்குள். படகு எதுவும் இல்லை. முடிச்சைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். என் கணவர் இடக்கைக்காரர். மாடோ சூட்கேசோ கட்டிலுக்கு மேல் நுளம்பு வலையோ, எதைக் கட்டினாலும் மறுபக்கமாய்ச் சுற்றி, நுனியில் ஒரு வளையம் விட்டுக் கட்டுவார். நான் ஏசி ஏசி அவிழ்த்த முடிச்சு அது. அண்ணனுக்கும் தெரியும், அவருடைய கல்யாணப் பந்தலைக் கட்டியவரே இவர்தான்.

"ஆரும் வெள்ளைக்காரன் கட்டியிருப்பான்" என்றார் அண்ணன்.

"இழுத்துப் பாருங்கோ."

இழுத்தார். கயிறு தளர்வாய்க் கொஞ்சம் வந்தது, நின்றது, பிறகு தண்ணீருக்குள்ளிருந்து திருப்பி இழுத்தது. மீன் இழுப்பதுபோல் இல்லை, நீரோட்டம் இழுப்பதுபோலும் இல்லை. வள்ளத்தில் நிற்கிறவன் கரையில் நிற்கிறவனுக்கு 'பிடி' என்று காட்ட ஒரு சுண்டு சுண்டுவானே, அப்படி. அண்ணன் கயிற்றை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினார். நான் குந்தியிருந்து அதைப் பிடித்தேன். இன்னொருதரம் சுண்டியது. பிறகு ஒன்றுமில்லை.

அந்தியேட்டி கிடையாது என்று காரில் வைத்தே சொன்னேன். எதற்கும் ஏசுகிற அண்ணன் அன்றைக்குக் கயிறு பிடித்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குளிர்காலம் முடிய முன்னம் தொலைபேசி வந்தது. ஊரில், தெற்கே ஒரு சிறையில் பெயர் பதியாமல் வைத்திருந்தவர்களை விட்டிருந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். இதை நான் எழுதும்போது குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்கிறார், சீனியைக் குறையுங்கோ என்று கத்தியாயிற்று, கேட்கப் போவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் அண்ணனின் பேச்சை நானும் சிரித்து விட்டிருப்பேன். மெல்பேர்னுக்கு வந்த முதல் கிழமையே, சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அண்டைக்கு உன்ரை அண்ணை ஏன் கயித்தை விட்டவர்? நல்லகாலம் நீ பிடிச்சாய்."

நான் அதுவரை ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. அண்ணனும் மூச்சு விட்டதில்லை. எந்தக் கயிறு என்று கேட்டேன். இவர் என்னைப் பார்த்து விழித்தார். தான் என்ன கேட்டோம் என்பதே இவருக்குத் தெரியவில்லை. இன்னும் எப்போதாவது கேட்கிறார், கேட்டதும் மறந்துவிடுகிறார்.

அண்ணை, அடுத்த கூட்டத்தில் அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள். கயிறு உங்கள் கையைத் திருப்பி இழுத்ததா, இல்லையா? ஏன் விட்டீர்கள்? இவர் முன்வரிசையில் இருந்து கேட்பார்.