ஷீட்டுக்கு இரண்டு நாள் லீவு

சேரம்பாடி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரிப்பேர் வேலை பார்க்கும் கொத்தனார் நான். சுவரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பேன். ஆபீஸ் மேசைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க முடியாது. படித்தது நாலாம் வகுப்பு. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தால் அதுவும் மறந்துவிடும்.

அந்த மே மாதம் தொழிலாளர் குடியிருப்பு லைனில் கடைசி வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. அந்த வீட்டு அக்கா கொழுந்து பறிப்பவர். பிரசவத்துக்கு வந்த மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. ஜூன் மழைக்கு முன் பத்து ஷீட் போடாவிட்டால் தொட்டிலுக்கு மேலேயே ஒழுகும்.

கடையில் கொட்டேஷன் வாங்கி வந்து, மேனேஜர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் ஷீட். கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள்தான் ஆயுள். நானோ மேனேஜர் இல்லாத நேரம் பார்த்து அதை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அதன்மேல் வேறு காகிதங்கள் ஏறும். பதினைந்து நாள் முடியும். மறுபடி கூடலூருக்கு பஸ் ஏறுவேன். மூன்றாம் முறை போனபோது கடைக்காரர் டீ சொல்லிவிட்டு, "ஏனுங்க, ஷீட்டு வாங்க வர்றீங்களா, என்னைப் பாக்க வர்றீங்களா?" என்றார்.

அக்காவும் விடவில்லை. "மேஸ்திரி, சாரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பேப்பரை வெச்சிருக்கேனுங்க."

"உங்க வாயைத் தொறக்கறதுக்கும் கொட்டேஷன் வாங்கோணுமாட்ட இருக்குது."

காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் ஒன்றைக் கவனித்தேன். ஜீப் பானெட் மேல் லீவு லெட்டர்களை வைத்துக் கிளார்க் புரட்டப் புரட்ட, மேனேஜர் அனுமதி எழுதிக்கொண்டே போவார். குளிரில் ஒரு கை பாக்கெட்டில், கண் தேயிலைக் காட்டில். ஒரு லெட்டரும் மறுநாளுக்கு நின்றதில்லை. கிளார்க் டீ குடிக்கத் திரும்பியபோது, என் கொட்டேஷனை நடுவில் செருகிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. போனால் கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். கொட்டேஷன் அடியில், "இரண்டு நாள் லீவு அனுமதி" என்று மேனேஜர் எழுத்து; கீழே கையெழுத்து.

"பத்து ஷீட்டுக்கும் லீவு குடுத்திருக்கேன்," என்றார் மேனேஜர். "என்ன விசேஷம், கல்யாணமா?"

நான் தரையில் விரிசல் தேடினேன். பின்னாலேயே வந்திருந்த அக்கா வாசலில் நின்று சொன்னார்: "பேரன் பொறந்திருக்கானுங்க சார். அவனைப் பாக்கத்தான் ஷீட்டு வருதுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். 'லீவு' என்பதை மட்டும் அடித்து இன்னொரு கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளை அடிக்கவில்லை. "ரெண்டு நாள்ல ஷீட்டு கூரையில டூட்டிக்குச் சேரணும். இல்லேன்னா ஆப்சென்ட் உங்களுக்குத்தான். இனிமே எதுவா இருந்தாலும் கையில குடுங்க."

அன்றே கூடலூர் போய் ஷீட்டை ஜீப்பில் ஏற்றி வந்தேன். மறுநாள் சாயந்திரம் கடைசி போல்ட்டை முறுக்கும்போது தூறல் விழுந்தது.

மூன்றாம் நாள் மஸ்டரில் நல்ல மழை. "என்ன மேஸ்திரி, ஷீட்டு டூட்டியில சேந்தாச்சா?" என்று மேனேஜர் கத்திக் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்தே சேந்தாச்சுங்க சார்."

என் குரலைக் கேட்டு அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சூட்டோடு, பக்கத்து வீட்டுக் கதவுக்கான கொட்டேஷனைப் பையிலிருந்து எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். அதற்கு இன்னும் பதின்மூன்று நாள் ஆயுள் இருந்தது.