யாரை அனுப்புவது

தண்டையார்பேட்டை எண்ணெய் ஆலை ஒன்றில் பாய்லருக்குக் கரி போடுகிறவர் அமீருதீன். வேர்க்கடலை திருடிய சொந்தத் தம்பியையே முதலாளியிடம் பிடித்துக் கொடுத்தவர். அதிலிருந்து ஆலையில் எந்தச் சண்டை என்றாலும் அவரிடம்தான் வருவார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருடம், முப்பத்தெட்டு நாள் நடந்த வேலைநிறுத்தம் முடிந்தது. சாக்கு தைக்கும் பிரிவில் ஒருவரைத் தவிர எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொன்னார். அந்த ஒருவர் யாரென்று சங்கமே சொல்ல வேண்டுமாம். "பாய் சொல்லட்டும்" என்று சங்கத்துக்காரர்கள் நழுவினார்கள்.

கடைசியாக வந்தவர் போவதுதான் முறை என்றார் பாய். கடைசியாக வந்தவள் செல்லக்கனி. மூட்டை சரிந்து கணவன் செத்த பிறகு, அவன் இடத்தில் வேலைக்கு வந்தவள். மூன்று பிள்ளைகள். சேதி கேட்டு பாய் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எம் புருசன் பன்னெண்டு வருசம் அங்கதான ஒழைச்சு செத்தாரு? அது சேத்தி இல்லியா பாய்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது அவருக்கு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கூட்டத்தில் எழுந்து, பிள்ளைக்காரியை அனுப்ப வேண்டாம், தனிக்கட்டை லோகநாதன் போகட்டும் என்றார். லோகநாதன் அதே பிரிவில் ஒன்பது வருடத்து ஆள். வேலைநிறுத்தத்தில் பாயோடு ஜெயிலுக்குப் போனவன்.

"இன்னா பாய், பொண்டாட்டி இல்லாதவனுக்கு வவுறு இல்லியா? முந்தாநேத்து ஒரு நாயம் சொன்னே, இன்னிக்கு வேற நாயமா?"

அவன் பெயர் மேனேஜருக்குப் போய்விட்டது.

செல்லக்கனி வேலைக்கு வந்தாள். அவளையும் பாயையும் சேர்த்து ஆலைச் சுவரில் கரியால் எழுதினார்கள். அவள் தைத்த சாக்குகளைப் பிரித்துப் போட்டார்கள். ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளாகவே நின்றுகொண்டாள். லோகநாதனையாவது கூப்பிடுங்கள் என்று பாய் மேனேஜரிடம் ஓடினார்.

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்றார் மேனேஜர். ஆள், அவருடைய மச்சினன்.

லோகநாதன் எண்ணூர் உப்பளத்துக்குக் கூலியாகப் போனான். செல்லக்கனி டோல்கேட் பக்கம் இட்லிக் கூடையோடு உட்கார்ந்தாள். பாய் ஒருநாள் அவள் எதிரில் போய் நின்றார்.

"நீங்க கெட்டது நெனைக்கல பாய்," என்றாள், நிமிராமல். "ஆனா இனிமே யாருக்கும் ஞாயம் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. தெருவில் பிள்ளைகள் கோலிக்கு அடித்துக்கொண்டால்கூட, அவர் பார்க்காததுபோல் கடந்து போய்விடுவார்.