கனவில் திறந்த கதவு

இசைவாணி எங்கள் ஊருக்கு வந்தபோது அவளிடம் ஒரு பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. வாடகைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டேன். "சொந்த ஊர் எதும்மா?"

அவள் மேலே பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியலக்கா" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஊர் தெரியாத பெண்ணுக்கு வீடு கொடுப்பதா என்று எனக்குச் சுருக்கென்றது. என் பேர் சில்வியா. வாய் நீளம், மனசு அவ்வளவு மோசமில்லை என்று என் புருஷன் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு, வல்லக்கோட்டை போகிற வழியில் எங்களுக்கு இருந்த கொல்லையில் வரிசையாகச் சின்னச் சின்ன வீடு கட்டி, ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு விட்டுப் பிழைக்கிறேன். நோண்டி நோண்டிக் கேட்டபிறகுதான் அவள் கதை வந்தது. நினைவு தெரிந்த நாளில் ஓர் இல்லத்தில் இருந்தாளாம். அதை மூடியதும் இன்னோர் இல்லம். வளர்ந்ததும் கம்பெனி ஹாஸ்டல். கைக்குழந்தையாக நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்ததால், முதல் இல்லத்தில் சமையல் செய்த அம்மா கிண்டலாக வைத்த பேர்தான் இசைவாணி. அழுகைக்கு இப்படி ஒரு பேர் வைத்த அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

காருக்குள் ஓடுகிற ஒயர்களை நிறம் பார்த்துச் சேர்த்துக் கட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. காண்ட்ராக்ட்தான். எல்லாரும் நைட் ஷிப்ட் என்றால் முகம் சுளிப்பார்கள். இவள் அதையே கேட்டு வாங்கிக்கொள்வாள். "பகல்லதான்க்கா நல்ல கனவு வருது" என்பாள். விடியும்போது கம்பெனி பஸ் அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏரிக்கரை மேலே நடந்து வருவாள். பனிக்காலத்தில் ஏரியும் தெரியாது, கரையும் தெரியாது, அவள் மட்டும் புகைக்குள் மிதந்து வருகிற மாதிரி இருக்கும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். பேர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள்.

நான் டீ போடுகிற நேரத்தில் முந்தின நாள் கண்ட கனவைச் சொல்வாள். ஏரியில் தண்ணீருக்குப் பதிலாகக் கம்பெனி பஸ்கள் மிதந்ததாம். இன்னொரு நாள், லைனில் ஒயருக்குப் பதில் மீன் மீனாக வந்ததாம், சூப்பர்வைசர் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னாராம். "போய்த் தூங்குடி, நீயும் உன் மீனும்" என்று விரட்டுவேன். ஆனால் அவள் சொல்லாத நாளில் எனக்கு டீ இறங்காது.

தேர்தல் வந்தால் எங்கள் தெரு காலியாகிவிடும். வாடகைக்கு இருக்கிற தெற்கத்திப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டு அவரவர் ஊரில். அங்கிருந்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்படி ஒரு தடவை வேனில் ஏறும்போது பக்கத்து வீட்டு இசக்கிதுரை இவளைச் சீண்டினான். "ஒனக்கு எந்த ஊரு வேன் வருது?" வேடிக்கையாகத்தான் கேட்டான், பாவம். வேன்கள் போனபிறகு தெருவே செத்த மாதிரி கிடந்தது. நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோது இவள் என் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து, விரலில் இருந்த மையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் ஒரு தடவை கூடப் போட்டதில்லக்கா."

"இங்கியே போட்றதுதானே? இத்தினி வருஷமா இங்கதானே கீற?"

"நான் போடலாமா? இது என் ஊர் இல்லையே."

"ஏண்டி, இங்க தண்ணி குடிக்கிற, இங்க தூங்குற, இங்கிருந்து வேலைக்குப் போற. அப்புறம் எது உன் ஊரு? சந்திரனா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நான் ஏதோ சொத்தை எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி பார்த்தாள்.

ஆதாரில் விலாசத்தை என் வீட்டுக்கு மாற்றினோம். பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டபோது, புதிதாகப் பேர் சேர்க்கிற ஆறாம் நம்பர் படிவத்தை வாங்கி நிரப்பினோம். தாய் தகப்பன் பேர் எழுதுகிற இடத்தில் அவள் பேனா நின்றுவிட்டது. அனாதைப் பிள்ளைகள் சட்டப்படி வளர்த்தவர் பேரை எழுதலாம் என்று அங்கன்வாடி டீச்சர் பூமா சொன்னார். இல்லத்தை நடத்தியவர் பேரை எழுதினாள். அவர்தான் எங்கள் பகுதிப் பட்டியலைப் பார்க்கிறவர். "வூட்டுக்கு வந்து விசாரிப்பேன். ஆள் இருக்கணும்" என்றும் சொன்னார்.

இது என் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன், இருதயசாமி காதுக்குப் போகாமல் இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவர்தான் எங்கள் வார்டு மெம்பர். போன தடவை தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்றுதான் ஜெயித்தார். சாயங்காலமே வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சில்வியா, வாடகைக்காரங்களுக்கு ஓட்டு வாங்கிக் குடுக்கிறியாமே? நம்ம ஜனம் எத்தினி பேரு? அவங்க எத்தினி பேரு? இன்னிக்கு ஒண்ணு ஏறும், நாளைக்கு நூறு ஏறும். அப்புறம் வார்டு நம்முளுதா?"

"உங்க வூட்டு மாடி அவங்க வாடகைலதானே மாமா எழும்புச்சு? அப்ப மட்டும் அவங்க கசக்கலையா?" என்றேன். துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பினேன். இசைவாணி அப்போதுதான் எழுந்து ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"டீச்சர் வந்தாங்கக்கா. கதவைத் தட்டினாங்க, தொறந்தேன். உள்ள வந்து உட்கார்ந்தாங்க. தண்ணி குடுத்தேன். இந்த ஊர்ப் பொண்ணான்னு கேட்டாங்க, ஆமான்னேன். பச்சை இங்க்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அவளுக்கு வார விடுமுறை. இரண்டு பேரும் போனோம். வரி வரியாக விரலை வைத்துத் தேடினாள். என் பேர் இருந்தது. செத்துப்போன என் மாமியார் பேர்கூட இருந்தது. அவள் பேர் இல்லை.

அழுதிருந்தால் தேவலை. சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் கதவைத் தொறந்தேனே" என்று முணுமுணுத்தாள்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். பூமா டீச்சர் குழந்தைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவ வந்தேம்மா. எவ்ளோ நேரம் தட்டினேன் தெரியுமா? உள்பக்கம் தாழ்ப்பாள். ஒரு சத்தமும் இல்ல. எதிர்ல இருதயசாமி ஐயா நின்னுகினு இருந்தாரு. கேட்டேன். அப்டி யாரும் இங்க இல்லம்மா, வெறும் வூடுன்னாரு. எழுதிக்கினு போய்ட்டேன்."

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட வெறும் வூடா? பேய் வந்து தாழ் போட்டுச்சா டீச்சர்?" என்று நான் கத்தியதில் ஒரு குழந்தை முட்டையைக் கீழே போட்டுவிட்டது. டீச்சருக்கு முகம் தொங்கிப்போனது.

இசைவாணி மெல்லிய குரலில் கேட்டாள். "அப்ப நான் தொறந்தது?"

எங்களுக்குப் புரிந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவள், தட்டுகிற சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டிருக்கிறாள். கனவிலேயே எழுந்து கதவைத் திறந்து, டீச்சரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கையெழுத்தும் போட்டிருக்கிறாள். வெளியே நிஜ டீச்சர் தட்டித் தட்டிக் கை வலித்துத் திரும்பிப் போயிருக்கிறார். இவ்வளவு ஆசையாக ஒருத்தி கனவில் கதவு திறப்பாளா, ஏசுவே!

வருகிற வழியில் மூத்தாரை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டேன். "தூங்குறவன் தொடையில திரிச்ச மட்டும் லாபம்னு கயிறு திரிச்சீங்களே மாமா, நல்லா இருக்குதா? தினம் காலைல உங்க வூட்டைத் தாண்டித்தானே வர்றா? உங்க கண்ணுக்கு ஆளாத் தெரியலையா அவ?"

"பகல்ல தூங்கினா நான் இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். தெருவே பார்த்தது. எனக்கு வெட்கமில்லை.

பூமா டீச்சர் நல்லவர். பட்டியலில் விட்டுப்போனவர்கள் மறுபடி மனுக் கொடுக்க நாள் இருக்கிறது என்று அவரே வந்து சொன்னார். மனுவை வாங்கிக்கொண்டு, "நீ எப்பம்மா முழிச்சினு இருப்ப?" என்று கேட்டார். சொன்னபடி ஒரு நாள் விடிகாலையில், இவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சேர்ந்த கையோடு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கதவைத் திறந்த இசைவாணி நேராக அவர் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள்.

"நிஜமா வந்துட்டீங்களா டீச்சர்?"

"வலிக்குதும்மா, விடு" என்றார் டீச்சர்.

பேர் ஏறிவிட்டது. அட்டையும் வந்தது. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்ததும் இவள் கனவெல்லாம் ஓட்டாகவே ஆனது. கிராமத்தில் நான்கு ஓட்டு, நான்கு நிறத்தில் சீட்டு என்று சொல்லியிருந்தேன். வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அந்த நாலும் ஏரி மேலே பறந்ததாகவும், லைனில் ஒயராக வந்ததாகவும் தினம் ஒன்று சொன்னாள். சில நாள் எதுவும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள். துருவிக் கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள்.

மூத்தார் மறுபடி நின்றார். ஒரு நாள் கூட்டத்தோடு வந்து இவள் வாசலில் கைகூப்பி நின்றதைப் பார்க்க வேண்டுமே! "தாயி, நீ நம்ம வூட்டுப் பொண்ணு. மறந்துராத" என்றார். நான் பின்னாலிருந்து, "வெறும் வூட்டுக்கு முன்னால நின்னு யாருகிட்ட மாமா ஓட்டு கேக்குறீங்க?" என்றேன். கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

ஓட்டு நாளன்று வேன்கள் வந்து தெருவைத் துடைத்துக்கொண்டு போயின. லீவு கம்பெனி ஆட்களுக்குத்தான், காண்ட்ராக்ட் ஆட்கள் வந்தே ஆகவேண்டும் என்று இவளுடைய காண்ட்ராக்டர் சொல்லி, அன்றைக்கென்று பகல் ஷிப்டில் போட்டுவிட்டான், பாவி. முடித்துவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்று கிளம்பிப் போனாள். நான் காலையிலேயே போட்டுவிட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். வெயில் இறங்கி, ஏரி முழுக்கச் செம்பு நிறமானது. பஸ் வரவில்லை. மூத்தார் கடைசி நேரத்தில் தானே பூத் ஏஜென்டாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஆள் ஒருவன் மட்டும் மெயின் ரோட்டில் ஆட்டோவோடு நின்றான், பஸ்ஸில் வருகிறவர்களை ஏற்றி வர.

போலீஸ்காரர் கேட்டில் கை வைத்தார். அப்போதுதான் ஏரிக்கரை மேலே அவள் தெரிந்தாள். நடந்து வருகிறாள்! ஆட்டோ அவளைத் தாண்டிக் காலியாக வருகிறது, இவள் பின்னால் மெல்ல மெல்ல, அன்றாடம் வருகிற அதே நடையில் வருகிறாள்.

"ஓடியாடி! கதவ சாத்துறாங்கடி!"

என் சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். அவள் திடுக்கிட்டு நின்று, பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். போலீஸ்காரர் கேட்டைப் பாதி சாத்திவிட்டார். அவள் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனதும் மிச்சத்தைச் சாத்தினார். அதற்கப்புறம் வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். புதிதாக யாரும் பின்னால் சேரக்கூடாது என்று கடைசி ஆளிலிருந்துதான் ஆரம்பிப்பார்களாம். அதனால் ஒன்றாம் நம்பர் இவளுக்கு.

வரிசை கரைந்து அவள் வெளியே வர இருட்டிவிட்டது. விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் மையைப் பார்க்கவில்லை, திட்ட ஆரம்பித்தேன்.

"ஆட்டோ நின்னுச்சே, ஏறி வந்தா இன்னாடி?"

"அவர் ஆட்டோல வந்தா அவர் கூட்டினு வந்த மாதிரி ஆயிடும்க்கா. நானா வரணும்."

"சரி, நீயாவே வா. அதுக்குன்னு ஆடி அசைஞ்சா வருவ? ஓடி வர வேண்டியதுதானே?"

"ஓடினா முழிச்சுக்குவேனோன்னு பயமா இருந்துச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். பிறகு அவளாகவே சொன்னாள்.

"உள்ள போனதும் என் பேரை சத்தமாப் படிச்சாங்கக்கா. இசைவாணின்னு. ஏஜென்ட்டுங்க எல்லாரும் அவங்க பட்டியலப் பாத்தாங்க. உங்க மாமா நிமிந்து என் மூஞ்சியப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு என் பேர்ல டிக் போட்டாரு. அப்பதான்க்கா இது நிஜம்னு தெரிஞ்சுது. கனவுல எல்லாம் அந்த எடத்துல அவரு எழுந்து நின்னு, அப்டி யாரும் இங்க இல்லன்னு சொல்லிடுவாரு."